கால் மைலுக்குக் கட்டிய இன்ஜின்

போன மாதம் இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிற சிநேகிதர்கள். நேர்கோட்டில் கால் மைல் தூரம் விரட்டுகிற டிராக் ரேஸில் பைக் இறக்கப் போகிறார்களாம். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இன்ஜின் கட்டிக்கொண்டிருந்த வசந்தா என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே ஒருத்தர் கேட்டார்.

"ஆன்ட்டி, ஸ்டாக் கிளாஸ்தானே இருக்கறதுலயே செலவு கம்மி? எதையும் மாத்தக் கூடாது, எதையும் ராவக் கூடாது, கம்பெனி பார்ட்ஸ்தான் போடணும். அப்ப இன்ஜினுக்குன்னு பெருசா என்ன ஆவப் போவுது?"

நியாயமான கேள்விதான். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் தெருமுனை திரும்பின பிறகுதான், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மில் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலத்தில், வீட்டில் ஒரு ஆளாவது வேறு தொழில் படிக்கட்டும் என்று என்னை ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்த்தார். அந்தப் பிரிவில் பெண் நான் ஒருத்திதான். படித்த கதை அதிகம் இல்லை. அரம் பிடித்து உள்ளங்கை காய்த்தது. அதன் பிறகு ஒரு பம்ப் கம்பெனியில் அளவு பார்க்கிற பிரிவில் சில வருஷம். மைக்ரோமீட்டர் கைக்குப் பழகியது அங்கேதான். அந்தக் கம்பெனி ஊரைவிட்டுப் போனதும், அதே எஸ்டேட்டில் இரண்டு தெரு தள்ளி இருந்த அல்போன்ஸ் முசியேவின் பட்டறையில் சேர்ந்தேன். பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா. ரிடையர் ஆகும்வரை வேறு எங்கும் போகவில்லை.

முசியே ஒரு சொல்தா, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரிலிருந்து அவர்கள் பட்டாளத்துக்குப் போனவர்களை அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சு ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பிரிவில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் இரண்டு நாள் எந்த இன்ஜினையும் தொடாமல் இருந்தால் அவருக்கு உடம்புக்கு வந்துவிடும். ஜெனரேட்டர், படகு இன்ஜின், பைக், கார், எது வந்தாலும் எடுத்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. "வாம்மா, போம்மா" என்று பேசிக்கொண்டிருப்பவர், திடீரென்று "நீங்க கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்றால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

இன்ஜின் பூட்டுகிற அன்றைக்கு அவர் செய்கிற காரியங்கள் ஒரு பூசை மாதிரி இருக்கும். முதலில் நகம் வெட்டுவார். கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டுவார். வீட்டில் தானே துவைத்துக் கொண்டுவந்த வெள்ளைத் துணியை மேசையில் விரிப்பார். ஒவ்வொரு சாமானையும் நான் கழுவி, காற்றடித்து, எடுத்துப் போய் நீட்டினால், வாங்குவதற்கு முன்னால் "ப்ரோப்ர்?" என்று கேட்பார். சுத்தமா என்று அர்த்தம். "ப்ரோப்ர், முசியே" என்று நான் பதில் சொன்னால்தான் கை நீட்டுவார். சொல்லாமல் கொடுத்தால் வாங்க மாட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் நான் இன்னொரு தடவை துடைத்திருக்கிறேன், எத்தனையோ முறை.

பெரிய டீசல் இன்ஜின்களுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றதில் அவருக்குக் காது பாதி போயிருந்தது. அதனால் கட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணும்போது என்னைத்தான் கிட்டே நிறுத்துவார். இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "என்னாம்மா சொல்லுது?" என்பார். நான் கேட்டதைச் சொல்வேன். அவர் கையும் என் காதும் ஒரே விஷயத்தைச் சொன்னால் மட்டும்தான் வண்டி வெளியே போகும்.

ரேஸ் எங்களிடம் வந்தது தனபால் மூலமாக. டவுனில் பைக் ஷோரூம் வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே வேகப் பைத்தியம். ஷோரூம் பெயரைப் போட்டு ஒரு ரேஸ் டீம் நடத்த ஆசைப்பட்டார். ஒரே மாதிரி இரண்டு சிவப்பு வண்டி. ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்கு.

"ஸ்டாக் கிளாஸ் முசியே. கம்பெனி வண்டி அப்படியே. நீங்க லேசா தட்டிக் குடுத்தா போதும்" என்றார்.

முசியே சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அடுத்த சில மாதங்களில் எனக்குப் புரிந்தது.

ஒரு பிஸ்டன் இந்த அளவிலிருந்து இந்த அளவுக்குள் இருந்தால் சரி என்று கம்பெனி விடும். சிலிண்டருக்கும் அப்படித்தான், வால்வுக்கும், கேமுக்கும். அந்த இடைவெளி தலைமுடியில் ஒரு பங்குகூட இருக்காது. எதையும் ராவக் கூடாது, தேய்க்கக் கூடாது என்கிற விதியில், எங்களுக்கு விட்ட இடம் அது மட்டும்தான். ஆகவே பொறுக்க வேண்டும். பிஸ்டன் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொன்றாக அளந்து, எடை பார்த்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை உறை பிரியாத மாதிரி மூடி ஸ்பேர்ஸ் கடைக்குத் திருப்பி அனுப்புவோம். முசியே பிஸ்டனை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார். சாயங்காலம் கடற்கரைப் பக்கம் பெத்தாங் ஆடுகிறவர், இரும்புக் குண்டை எறிவதற்கு முன் எடை பார்ப்பாரே, அதே மாதிரி. பெரும்பாலும் தராசு சொன்னதையே அவரும் சொல்வார். இல்லாவிட்டால் தராசைச் சந்தேகப்படுவார்.

இந்தச் செலவை அந்த இரண்டு பேரும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கணக்குப் போட்டுவிடுவார்கள். நான் சொல்லாமல் விட்டது அடுத்தது.

வேகத்துக்கு எதிரி உரசல். அதனால் எல்லாவற்றையும் கம்பெனி அனுமதிக்கிற எல்லையில் எவ்வளவு லூசாக வைக்க முடியுமோ அவ்வளவு லூசாக வைப்போம். ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும், அதையும் குறைவாகத்தான் ஊற்றுவோம். கால் மைல் ஓடி முடிக்க அது போதும். ஆனால் ரேஸுக்கு முன்னால் ஓட்டுகிறவர் பழக வேண்டும். முழுதாக முறுக்கிவைத்து, பட்டென்று கிளட்சை விட்டு, திரும்ப வந்து, மறுபடியும் அதே. அந்த அடியை எல்லாம் வாங்குவது கனெக்டிங் ராடு. பிஸ்டனையும் கீழே சுற்றுகிற கிராங்க்கையும் சேர்க்கிற இரும்புக் கை. அதன் பேரிங்குக்கு ஆயிலும் அரைகுறை. இரும்பும் அசந்து போகும். ஆனால் முகத்தில் காட்டாது.

அதற்காக முசியே ஒரு விதி வைத்திருந்தார். சீசன் முடிந்ததும் ரேஸ் வண்டி பட்டறைக்குத் திரும்பி வர வேண்டும். ராடு, பேரிங், பிஸ்டன் எல்லாம் வெளியே எடுத்து, சாதாரண அளவில் புதிதாகப் போட்டுத்தான் வண்டியைக் கொடுப்பார். எடுத்த ராடைக் கிரைண்டரில் இரண்டாக அறுத்த பிறகுதான் பழைய இரும்புக் கடைக்குப் போடுவார். முழு ராடாக ஒன்றுகூட எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. தனபாலிடமும் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மற்ற கிளாஸ் ரேஸ் வண்டிகளைப் பார்த்தாலே ரேஸ் வண்டி என்று தெரியும். யாரும் அதை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போக மாட்டார்கள். ஸ்டாக் வண்டி அப்படியில்லை. கழற்றிய கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் மாட்டிவிட்டால் தெருவில் நிற்கிற நூறு வண்டியில் அதுவும் ஒன்று.

முதல் சீசனில் ஒன்றுமில்லை. இரண்டாவது சீசன் கடைசி ரேஸில் ஜெயித்தோம். சென்னைப் பக்கம் ஒரு ரேஸ் மைதானம். நானும் போயிருந்தேன். ஜெயித்த வண்டியின் இன்ஜினை அங்கேயே பிரித்துப் பார்ப்பார்கள், திருட்டு வேலை ஏதாவது செய்திருக்கிறோமா என்று. வெயிலில் ஒரு பிளாஸ்டிக் மேசையில், நான் துடைத்துத் துடைத்து நீட்டிய சாமான்களை யாரோ மணல் கையால் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முசியே பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அளந்து முடித்த அதிகாரி நிமிர்ந்து, "எல்லாம் கம்பெனி அளவுக்குள்ளதான் இருக்கு. எப்படி சார் இவ்ளோ வேகம்?" என்று கேட்டார். முசியே என்னைக் காட்டி, "இவங்க பொறுக்குனது" என்றார். என்னை மரியாதை போட்டு அவர் பேசியும் எனக்குப் பயம் வராத ஒரே தடவை அது. எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டார். அந்த மத்தியானம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பெட்ரோல் வாசனை, டயர் எரிந்த வாசனை, பிரியாணி வாசனை எல்லாம் ஒன்றாக.

சீசன் முடிந்தது. வண்டிகள் பட்டறைக்கு வரவில்லை. கேட்டால், "அடுத்த வாரம் அனுப்பறேன் முசியே" என்பார் தனபால். மழைக்காலம் வந்தது. எங்களுக்கும் படகு இன்ஜின் வேலை குவிந்தது.

ஒரு நாள் காலை மினி வேனில் ஒரு வண்டி வந்து இறங்கியது. இன்ஜினின் அடிக்கூட்டில், கிராங்க் கேஸில், கை நுழைகிற அளவு ஓட்டை. கொண்டுவந்தவர் தன் பெயர் முருகையன் என்று சொன்னார். அவருடைய தம்பி இளங்கோவுக்குச் சேதராப்பட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஓடிக்கொண்டிருந்த வண்டி அப்படியே இறுகிப் போய், பின் சக்கரம் நின்று, தூக்கி எறிந்திருக்கிறது. கால் எலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

"தம்பி ஆசப்பட்டு வாங்குன வண்டிங்க. வாங்கி முழுசா ரெண்டு மாசம் ஆவல. ரிப்பேர் பண்ண முடியுமான்னு பாருங்க" என்றார்.

கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முறுக்கி முடித்த நட்டின் மேல், மறுபடி தொட வேண்டாம் என்று அடையாளத்துக்கு, ஒரு கோடு இழுத்துவிடுவேன். எல்லோரும் பெயின்ட் வைப்பார்கள். நான் என் தங்கை மகள் பாதியில் விட்ட நெயில் பாலிஷை வைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிப்பூ நிறம். மூடிக்குள்ளே, கறுத்த ஆயிலுக்கு அடியில், அந்த நிறம் இருந்தது.

கையில் இருந்த ஸ்பேனரை அப்படியே கீழே வைத்தேன். முசியேவைக் கூப்பிடவில்லை. அவரே வந்து குனிந்து பார்த்தார். விரலால் ஆயிலைத் துடைத்துக் கோட்டைப் பார்த்தார். டேங்கைப் பார்த்தார். சிவப்பின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

"எங்க வாங்குனீங்க?" என்று முருகையனிடம் கேட்டார்.

"டவுன்ல ஷோரூம்லங்க. எக்ஸ்சேஞ்சுல வந்த வண்டி, ஒரே ஓனர், வீட்டுலயே நின்னதுன்னு சொன்னாங்க."

முசியே கை கழுவிக்கொண்டு வந்தார். என்னிடம், "நாம கொஞ்சம் கிளம்பலாங்களா?" என்றார்.

தனபால் எங்களை உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். முசியே காபியைத் தொடவில்லை.

"ரெண்டையும் வித்துட்டீங்களா?"

"என்னா முசியே, நிக்கவச்சே பாத்துக்கிட்டிருக்க முடியுமா? வருஷம் பூரா கையிலேர்ந்து போட்டேன். கொஞ்சமாவது திரும்ப எடுக்க வேணாமா?"

"எங்ககிட்ட வரணும்னு சொல்லியிருந்தேனுங்களே."

"வந்திருந்தா நீங்க என்னா பண்ணுவீங்க? நல்லா இருக்கற இன்ஜினைப் பிரிச்சு அறுத்துப் போடுவீங்க. அது ஸ்டாக் வண்டி முசியே! அந்த அதிகாரியே அளந்து பாத்து சர்ட்டிபிகேட் குடுத்தாரா இல்லியா? கம்பெனி அளவுக்குள்ள இருக்கற வண்டியை விக்கறது தப்பா?"

தனபால் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கஷ்டம். எந்த விதியில் பார்த்தாலும் அது சாதாரண வண்டிதான். அது எப்படி வாழ்ந்தது என்று எழுத எந்த விதியிலும் இடமில்லை.

"அந்தப் பையன் ஆஸ்பத்திரியில இருக்காருங்க" என்றார் முசியே.

தனபால் முகம் மாறியது. அவருக்கு அது தெரியாது. ஆனால் இன்னொரு வண்டி யாருக்குப் போனது என்று கேட்டபோது சொல்ல மறுத்துவிட்டார். "அந்த ஆளும் வந்து என் சட்டையைப் பிடிக்கணுமா? அது நல்லா ஓடிக்கிட்டிருக்கு. விட்டுடுங்க" என்றார்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளங்கோவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காலில் கட்டு, கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். முசியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அது ரேஸ் வண்டி, கட்டினது நாங்கள், சாலையில் ஓட விட்டிருக்கவே கூடாது, விற்றது எங்களுக்குத் தெரியாது. நான் இளங்கோவின் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன்.

இளங்கோ கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த வண்டி ரேஸ்ல ஜெயிச்சிருக்கா சார்?"

முசியேவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன். "ஜெயிச்சுதுப்பா. நீ ஓட்டுனதுதான் ஜெயிச்ச வண்டி."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அதான் பாத்தேன். ஃபேக்டரி கேட்லேர்ந்து எடுத்தா ஒருத்தனும் புடிக்க முடியாது" என்று அண்ணனிடம் சொன்னார். காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்கிற ஒருவர் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்தபோது, நான் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கிளம்பும்போது இளங்கோவே சொன்னார். "நான் வாங்கப் போன அன்னைக்கு ரெண்டு வண்டி நின்னுச்சு. இன்னொண்ணை தவளக்குப்பத்துலேர்ந்து ஒரு அண்ணன் வந்து எடுத்தாரு. பேரு தெரியலை. மக காலேஜ் போறதுக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

மறுநாளிலிருந்து காலையில் பட்டறைக்குப் பதில் தவளக்குப்பம் போனோம். அங்கே உள்ள மெக்கானிக் கடைகளில் விசாரித்தோம். சிவப்பு வண்டி ஊரில் பாதிப் பேரிடம் இருந்தது. அதன் மேல் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களோ தெரியாது. கடைசியில் முசியே சொன்னார், "கண்ணால தேட முடியாதும்மா. நீ காதால தேடு."

ஜங்ஷனில் கடலூர் ரோட்டைப் பார்த்த ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். லூசாகக் கட்டின இன்ஜின், சூடேறுகிறவரை சிலிண்டருக்குள் பிஸ்டன் தட்டும். மர ஸ்கேலால் மேசை விளிம்பைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டிலிருந்து கிளம்பி ஜங்ஷன் வருவதற்குள் இன்ஜின் முழுதாகச் சூடேறாது என்பது முசியேவின் கணக்கு. பஸ் ஹாரன், மீன்காரம்மாக்களின் குரல், லாரி, எல்லாவற்றுக்கும் நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரர் எனக்கு மயக்கம் என்று நினைத்துச் சோடா கொடுத்தார். முசியே பாதி போன காதோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் வீணாகப் போனது, இன்னொரு நாளும். அதற்கடுத்த காலையில் கேட்டது. கண்ணைத் திறந்தேன். நடுத்தர வயது ஆள், பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். கை நீட்டி நிறுத்துவதற்குள் பஸ்ஸைத் தாண்டிப் போய்விட்டார். டீக்கடைக்காரர்தான் சொன்னார். "அவரா? பந்தல்கார வேலாயுதம். வீடு இதோ பின்னாடிதான்."

அவர் திரும்பி வரும்வரை வீட்டு வாசலில் காத்திருந்தோம். சொன்னதைக் கேட்டுவிட்டு வேலாயுதம் சிரித்தார்.

"ஓ, புரிஞ்சிடுச்சு. ஜெயிச்ச இன்ஜினைத் தெரியாம வித்துட்டாங்க. இப்ப அத எடுத்துக்கிட்டு எனக்கு ஒரு ஓட்ட இன்ஜினை மாட்டிவிடப் பாக்கறீங்க. நான் கால் வச்சா பஸ்ஸே பின்னாடி போவுது. இந்த வண்டியையா கெட்டுப் போச்சுன்றீங்க?"

முசியே கைக்குட்டையைப் பிரித்து, இளங்கோவின் வண்டியிலிருந்து எடுத்த முறிந்த ராடைக் காட்டினார்.

"இது எந்த வண்டியோடதோ. எனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணே, நீங்க கூடவே வந்து நில்லுங்க. கழட்டுற ஒவ்வொரு சாமானும் உங்க கண்ணு முன்னாடி. பெரிய சாமான் எதையும் மாத்த மாட்டோம், உள்ள இருக்கறத மட்டும் புதுசா போடுறோம். ஒரு பைசா வேணாம்" என்றேன்.

"பைசா வேணாம்னு சொல்றப்பவே சந்தேகம் வருது."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம், "அந்தத் தம்பி தனியா போனாரா, பின்னாடி யாராச்சும் ஒக்காந்திருந்தாங்களா?" என்று கேட்டார்.

"தனியாத்தான்மா போயிருக்காரு."

கணவர் கையிலிருந்த வண்டிச் சாவியை வாங்கி என் கையில் வைத்தார். "பாப்பா ஒரு வாரம் பஸ்ல போவட்டும்" என்றார். வேலாயுதம் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடேயே கிளம்பினார்.

பட்டறையில் அவர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார். இன்ஜினை இறக்கினோம். கிராங்க்கை பிரஸ்ஸில் வைத்துப் பிரித்து ராடை வெளியே எடுத்தேன். கழுவினேன். முசியே "ப்ரோப்ர்?" என்று கேட்டார். பதில் சொல்லிக் கொடுத்தேன்.

ராடு பளபளவென்று இருந்தது. பேரிங்கில் ஒரு புள்ளி இல்லை. அளந்தேன், அளவு சரி. விரிசல் காட்டுகிற சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தோம். சிவப்புக் கோடு எங்கேயும் எழும்பவில்லை. மறுபடியும் செய்தோம். ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா?" என்று வேலாயுதம் எழுந்தார். "நல்லா இருக்கு! நான் சொன்னேன்ல? எடுத்த மாதிரியே திரும்பப் போடுங்க."

எனக்கும் அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். எத்தனையோ பெட்டிகளுக்கு நடுவில் நான் பொறுக்கிய ராடு அது. அவ்வளவு அழகாக இருந்தது. "முசியே, ஒண்ணும் தெரியலியே" என்றேன்.

அவர் ராடை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அந்தப் பையனோட ராடும் முந்தின நாளு இப்படித்தாம்மா இருந்திருக்கும்" என்றார். கிரைண்டர் பக்கம் நடந்தார். வேலாயுதம் "சார், சார்" என்று பின்னாலேயே ஓடினார். பொறி பறந்தது. இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது.

வேலாயுதம் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முசியேவுக்கு அதில் பாதி கேட்டிருக்காது. கேட்ட பாதிக்கு, "நீங்க சொல்றது சரிதாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அந்த மரியாதை கோபத்தால் வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும்.

புது ராடு, புது பேரிங், புது சிலிண்டர் பிஸ்டன். சாதாரண அளவு, கெட்டியான ஆயில். வண்டி சத்தமில்லாமல் ஓடியது. வேகம் போய்விட்டது. எடுத்துக்கொண்டு போன மறுநாளே வேலாயுதம் திரும்பி வந்து, "மாட்டு வண்டி பண்ணிக் குடுத்துட்டீங்க" என்று வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்.

தனபால் இளங்கோவின் ஆஸ்பத்திரிச் செலவை அண்ணன் மூலமாகச் சத்தமில்லாமல் கட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் எங்கள் பட்டறைப் படி அதற்கப்புறம் ஏறவில்லை. மற்ற டீம்களும் குறைந்தார்கள். நன்றாகக் கட்டுவார்கள், ஆனால் வண்டியை விற்றால் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று பெயராகிவிட்டது. ரேஸ் சீசனில் நெரிசலாக இருந்த பட்டறையில் படகு இன்ஜினும் ஜெனரேட்டரும்தான் மிச்சம். முசியே அதைப் பற்றிக் குறைப்பட்டதே இல்லை. ஆனால் ரேஸ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், மாதா கோயில் பூசை முடிந்து நேரே பட்டறைக்கு வந்து, பூட்டைத் திறந்து, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார் என்று வாட்ச்மேன் சொல்வார். இளங்கோ தேறி எழுந்தார். நடையில் லேசான சாய்வு இருக்கிறது. ஃபேக்டரியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். அவர் கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை வந்தது. போனோம்.

முசியே இறந்து சில வருஷம் ஆகிறது. அவருக்குப் பிறகு அவர் தங்கை மகன் பட்டறையை நடத்துகிறார், நன்றாகவே நடத்துகிறார். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காததால் நின்றுகொண்டேன்.

ரிடையர் ஆன பிறகு ஒரு நாள் தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு வண்டி வந்து பக்கத்தில் நின்றது. டேங்கில் சிவப்பு வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தது. வேலாயுதம். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"என்னா, இன்ஜின்காரம்மா! இன்னிக்கு வரைக்கும் எம்பதைத் தாண்டலை இது. எப்படி இருந்த வண்டி!" என்றார்.

"பொண்ணு நல்லா இருக்காளா அண்ணே?"

"அவளுக்கென்னா, டீச்சர் வேலை. பேரன் ஸ்கூல் போறான்." அதைச் சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்கே வந்தார். "அன்னைக்கு நீங்க மட்டும் வரலேன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "எங்க போவணும்? பஸ்ஸு இப்ப வராது. ஏறுங்க, டவுன்ல விட்டுடறேன்."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எவ்வளவோ இன்ஜின் கட்டியிருக்கிறேன். ஒன்றின் மேலும் உட்கார்ந்து போனதில்லை. மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

பாலம் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. வேலாயுதம் தலையைத் திருப்பிக் கத்தினார். "பாத்துக்குங்க! முழுசா முறுக்கிட்டேன்! இவ்ளோதான் போவுது!"

காற்றில் என் முந்தானை படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அது போதுமான வேகமாகத்தான் இருந்தது.